பஞ்சர் பார்க்கத் தண்ணீர்

பொய்கையில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம்.
லாரி இரைச்சல் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து
ஒரு புளியமரத் திருப்பத்தில்
நின்றுவிட்டது.

"மணி அடிக்காத" என்றாள் ஹெப்சிபா.
ஆறு இரவுகள்
பதினாலு கட்டில்களின் அலாரத்துக்கு ஓடியவள்.
குறுக்கே வந்த வெள்ளாட்டிடம்கூட
நாக்கைச் சொடுக்கித்தான் வழி கேட்டேன்.

வழித்தடம் நான் போட்டது.
மருந்துக்கடையில் கணக்கு முடிந்த பிறகு
ரசீதின் பின்பக்கத்தில்.
போகும்போது தென்கரை,
வரும்போது வடகரை,
நடுவில் பாலாறு.
ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.
ஆற்றோரப் பயணம் என்று தலைப்பு வேறு.
தண்ணீர் இருக்குமா என்று அவள் கேட்கவில்லை.
வேலூர்க்காரர்கள் அதைக் கேட்பதில்லை.

விரிஞ்சிபுரம் மதிலோரம் ஒரு டீ.
டீக்கடைக்காரர் என் சைக்கிளைச் சுற்றிவந்து
கியர் எத்தனை என்றார்.
இருபத்தொன்று.
"எங்க மேட்டுக்கு ஒண்ணே ஜாஸ்தியாச்சே."

பிறகு வரப்பை ஒட்டிய மண்பாதை.
கரும்பு, மோட்டார் கொட்டகை, மறுபடி கரும்பு.
யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டு
அடுக்க மறந்துபோன பாறை மலைகள்
எந்த கியரில் மிதித்தாலும்
அதே வேகத்தில் கூட வந்தன.

மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள்
நிமிர்ந்து ஹெல்மெட்டைப் பார்த்தார்கள்.
"எங்க போறீங்க?"
"சும்மா."
"சும்மா போறதுக்கா இந்த வெயில்ல?"
வழித்தடத்தில் இதற்குப் பதில் இல்லை.
ஒருத்தி செடியோடு ஒரு கொத்து நீட்டினாள்.
ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டேன்.
வேர்மண் முழங்காலில் உதிர்ந்தபடியே வந்தது.

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஆற்றைக் கடக்க வேண்டும்.
ரசீதில் தரைப்பாலம் இருந்தது.
ஆற்றில், வெள்ளம் கொண்டுபோனது போக,
மூன்று சிமென்ட் குழாய்கள் இருந்தன.
சைக்கிளைத் தோளில் தூக்கினோம்.
இதுவரை எங்களைச் சுமந்தது
கழுத்தோரம் செயின் மசி பூசியது.
பாதி ஆற்றில் தோள் வலித்தது.
கொஞ்சம் உருட்டலாம் என்று இறக்கினேன்.
அங்கே காத்திருந்தது ஒரு சீமைக்கருவேல முள்.

பெரிய ஓட்டை இல்லை. மெல்லிய கசிவு.
டியூபை உருவிக் காற்றடித்துக் கொடுத்தேன்.
ஹெப்சிபா அதைக் கன்னத்தருகே வைத்து
மெல்லச் சுற்றினாள்,
மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பவள்போல.
ஆற்றுக்காற்று விடவில்லை.
எது டியூபுடையது, எது ஆற்றுடையது,
பிரிக்க முடியவில்லை.

"தண்ணி வேணும்."
பாட்டிலில் ரெண்டு வாய் மிச்சம்.
இருவரும் பாட்டிலைப் பார்த்தோம்.
பிறகு அவள் சிரித்தாள்.
"ஆத்துலதானே நிக்கிறோம்?"

முட்டிபோட்டுக் கையால் தோண்டினாள்.
முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது.
இன்னும் ஒரு சாண்.
ஓரம் சரிந்து மூட, திரும்ப அள்ளி,
திரும்பச் சரிய, திரும்ப அள்ளி,
அடியில் கலங்கலாக
ஊற்றுக்கண் திறந்தது.

டியூபை அமிழ்த்தினோம்.
வால்விலிருந்து நாலு விரல் தள்ளி
ஒரு குமிழி.
இன்னொன்று.
பிறகு வரிசையாக.

ஒட்டுத்துண்டை எடுத்தேன்.
ஹெப்சிபா குழிக்கு மேல் காதைத் தாழ்த்தி
ஒரு கையால் என்னைத் தடுத்தாள்.
இரு.
பசை விரலில் காய்ந்துகொண்டிருந்தது.
இருந்தேன்.

வடகரை மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது
ஒரு மைனா குழிக்குள் இறங்கியிருந்தது,
வால் மட்டும் வெளியே.

ரசீதை எடுத்துப் பாலத்தை அடித்தேன்.
அந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டேன்.
"என்னது இது?"
"ஆறு."

வடுகந்தாங்கல்வரை எதிர்க்காற்று.
இருவரும் பேசவில்லை.
மல்லாட்டைச் செடி மட்டும்
முன்சக்கரக் கம்பிகளில் உரசி
ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது.