விலகல் புள்ளி

எனக்குக் கொடுத்தது மூன்று அட்டைகள்.
பச்சையில் ஐந்து. மஞ்சளில் இரண்டு.
சிவப்பில் எதுவும் எழுதவில்லை, சிவப்பே போதும்.
பொதுக்கொள்கைத் துறை, முதலாமாண்டு.
கழுத்துப் பட்டையில் 'தன்னார்வலர்' என்றிருந்தது,
நானாக ஆர்வப்பட்டது போல.

அவிநாசி சாலைக் கல்லூரி, மூன்றாம் மாடி, ஏசி அதிகம்.
இரண்டாம் நாள், சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு.
கண்ணைத் திறந்தபடியே தூங்கத் தெரிந்தவர்கள்
முன்வரிசையில்.
புவனேசுவரத்திலிருந்து வந்தவர் காலடியில் பெட்டி,
ஆறே காலுக்கு விமானம்.

நான்காவதாக மேடையேறினார் கருணாம்பிகை.
படிப்பது சென்னையில், ஊர் காங்கேயம்.
அன்னூர்ப் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு ஆழ்துளைக் கிணறுகள்:
ஆழம், கடன், மோட்டாரின் குதிரைசக்தி,
பதினொரு மாதம் மொபெட்டில் அலைந்த கணக்கு.
பதினைந்து நிமிடம் என்றிருந்ததைப் பத்தாக்கியிருந்தார்கள்,
தொடக்க விழா நீண்டுவிட்டதாம்.
பொன்னாடைக்கு யாரும் மஞ்சள் அட்டை காட்டுவதில்லை.

ஐந்தாவது ஸ்லைடில் ஒரு சாய்கோடு.
வெல்லத்தில் ஈ மொய்த்த மாதிரி புள்ளிகள்.
அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
ஆயிரத்து நானூறு அடியைத் தாண்டிய நான்கு கிணறுகள்
விலகல் புள்ளிகளாகக் கருதி நீக்கப்பட்டன.

அதில் ஒன்று எங்களுடையது.

அவர் வந்த அன்று நான் வீட்டிலிருந்தேன்.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார்.
கேட்டதற்கெல்லாம் அப்பா சொன்னது இவ்வளவுதான்:
"திருச்செங்கோட்டு வண்டிங்க.
நிறுத்தட்டுமான்னு கேட்டானுங்க.
இன்னொரு அம்பதடி போடுன்னேனுங்க.
இப்படியே ஏழு தடவ சொன்னேனுங்க.
வெள்ளப் புழுதிதானுங்க வந்துச்சு."
அந்தப் புழுதி அடுத்த மழை வரைக்கும்
வேப்பமரத்தின் மேல் கிடந்தது.
அதை அவர் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

ஆறாவது ஸ்லைடில் அப்பா இருந்தார், ஆங்கிலத்தில்,
எண்பத்தேழாம் தகவலாளராக.
இரட்டை மேற்கோளுக்குள் இரண்டே வரி.
ஒரு 'ங்க' கூட இல்லை.
இதற்குப் பெயர் மூழ்கிய செலவு என்றார் கருணாம்பிகை.
மூழ்குவதற்கு அங்கே தண்ணீர் எங்கே
என்று நினைத்தேன்; நேரம் காட்டுகிறவன்
கேள்வி கேட்கக் கூடாது.

மஞ்சளைத் தூக்கினேன். கை நடுங்கவில்லை,
நடுங்கியதாக எழுதினால் நன்றாயிருக்கும்.

கேள்வி நேரம். புவனேசுவரத்துக்காரர்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
அந்த நான்கை ஏன் எடுத்தீர்கள்?
நெறியாளர் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்கவில்லை, மூடினார்.
பிறகு மைக்கில், தமிழில்:
"அதையும் சேத்தா கோடு நிக்க மாட்டேங்குதுங்க."

கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அமர்வுத் தலைவர் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்,
மூன்று வாக்கியம், நல்ல வாக்கியங்கள்,
கோடு அவற்றில் நின்றது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
சிவப்பு என் தொடைக்கடியில் இருந்தது.
தேடுவது போல நடித்தேன், எவ்வளவு நேரமென்று தெரியாது,
எல்லாக் கடிகாரமும் என்னிடம் இருந்தும்.

டீ இடைவேளையில் அவராகத்தான் வந்தார்,
தட்டில் கடித்து வைத்த ஒரு போண்டா.
"நஞ்சப்பன் பையன்தானுங்களே?"
"ஆமாங்க."
"அப்பா எப்படி இருக்காங்க?"
"போன மாசம் வடக்கால இன்னொன்னு போட்டாருங்க."

போண்டாவைக் கீழே வைத்தார்.
"எத்தன அடிங்க?"
பையில் பேனா இருந்தது, தாள் இல்லை.
என் கையிலிருந்த மஞ்சள் அட்டையை வாங்கி
பின்பக்கம் எழுதினார், ஆழம், தேதி, வட்டி,
எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போனது.
சொன்னபடியே எழுதுங்க என்றேன்.
தலையாட்டினார்.

அட்டையைத் திருப்பித் தரவில்லை.
மூன்றே முக்காலுக்கு அடுத்த அமர்வு,
நலத்திட்டங்களும் இலக்குக் குழுக்களும், ஆறு கட்டுரைகள்.
இரண்டு நிமிடம்தான் இருக்கிறதென்று சொல்ல
என்னிடம் எதுவும் இல்லை.