எண்ணூறு மில்லிவினாடி

குத்தாயிசியில் மின்சாரம் திரும்பினால்
முதலில் விசிறி இரையும், பிறகுதான் திரை.
ஹங்கேரியப் படம். பாதிவரை ஜார்ஜிய எழுத்தில்
வசனம் ஒட்டியாயிற்று.
வரிக்கு நாற்பது எழுத்து,
மீறினால் சிவக்கும்.

என் தம்பி வாஜாவுக்குக் காது கேளாது.
ரொட்டிச் சூளையிலிருந்து
புருவத்தில் மாவோடு வந்து உட்காருவான்.
நடிகன் பாதி சொல்லுமுன்
எழுத்து அவனிடம் முழுதும் சொல்லிவிடும்,
எல்லோருக்கும் முன்னால் சிரிப்பான்.
சாவுச் செய்தியும் அப்படித்தான்:
அந்தத் தாயின் முகம் மாறுமுன்பே
இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

எழுபத்தொன்றாம் நிமிடம், ரயிலடி.
அலைவடிவத்தில் ஒரு சின்ன மேடு:
‘நான் வரவில்லை.’
சொல்லிக்கொண்டே அவள்
ஒரு கையுறையைக் கழற்றி
மறுபடி அதையே மாட்டுகிறாள்.
வரியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன்,
எண்ணூறு மில்லிவினாடி.
ஒலியோடு பொருந்தவில்லை என்றது மென்பொருள்.
எந்த ஒலி?
சேமித்தேன்.

ஞாயிறு இரவு வாஜா பார்த்தான்.
கையுறையை. முகத்தை.
கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை.
அப்புறம் வந்தது வரி.

படத்தை நிறுத்தி
விரல்களால் கடிந்துகொண்டான்:
இந்த இடத்தில் எழுத்து பிந்துகிறது,
கவனிக்கமாட்டாயா?

கவனிக்கிறேன் என்றேன்.
இன்னும் திருத்தவில்லை.