வண்டுக்கு ஒரு விதி

ஆவடி, கோவர்த்தனகிரி, இரண்டாவது மாடி.
சாப்பாட்டு மேசையை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டு
கட்டம் போட்ட சார்ட்டை விரித்தேன்.
மூலைக்கு ஒரு பாரம்: ஊறுகாய் பாட்டில், பவர் பேங்க்,
பெனட்டின் ஹெல்மெட்.
நாலாவது மூலை சுருண்டபடியே கிடந்தது.

ஆறு மாதம் டிராகனோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது.
அதற்கு முகம் இருந்தது. கோபம் வரும்.
தங்கம் கொடுத்துத் திருப்பி அனுப்பலாம்.
இந்த முறை முகமில்லாத ஒன்றைச் செய்திருந்தேன்,
அலுவலக நேரத்தில், செய்திகளை மேய்ந்து:
வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்கும்,
ஆளைக் கண்டதும் தானே விழுந்து வெடிக்கும்.
பறக்கும் நேரம் நாற்பது நிமிடம். ஆட்டத்தில் எட்டுச் சுற்று.
வெப்பத்தைக் காணும் கண்ணுக்குக் கூட்டல் நான்கு.
மழை பெய்தால் கழித்தல் இரண்டு.
வண்ணப் பேனாவால் அட்டவணை போட்டபோது
எனக்கு எவ்வளவு சந்தோஷம்,
அதை மறைக்கப்போவதில்லை.

இத்ரீஸ் டாங்கித் தொழிற்சாலையில் அளவு பார்ப்பவன்.
ஒரு மயிரிழை தப்பினாலும் கையெழுத்துப் போடமாட்டான்.
வேலையைப் பற்றிக் கேட்டால்
கேன்டீன் பொங்கலில் மிளகு குறைவதைப் பற்றிச் சொல்வான்.
அட்டவணையைப் படித்துவிட்டு
"கவசம் பதினெட்டா?" என்று சிரித்தான்.
அது பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

பெனட் ஈசிஆர் கல்யாணங்களுக்கு ட்ரோன் விடுபவன்.
"கடற்காத்துல நிக்காது மச்சி,
ஒருவாட்டி மாப்ள தலைப்பா மேலயே இறங்கிடுச்சு."
காற்றுக்கும் ஒரு விதி சேர்த்தேன்.

துஷ்யந்தி வளசரவாக்கத்திலிருந்து
ரெண்டு பஸ் மாறி வருபவள்.
அவளுடைய பாத்திரம் வைத்தியச்சி, பெயர் அல்லி,
பையில் கட்டுத்துணி பதினாறு.

"பாலத்துக்கு அடியில் இருக்கிறீர்கள். உலை கொதிக்கிறது.
மேகத்துக்குக் கீழே ஒரு புள்ளி.
யார் கண்ணில் படுகிறது? உருட்டுங்கள்."

அவள் உருட்டவில்லை.
"சத்தம்?"
"என்ன சத்தம்?"
"அது வந்தாக் கேக்குமே.
நாங்கள் வண்டு எண்டுதான் சொல்லுவம்.
ராத்திரி முழுக்க ஙொய் எண்டு.
எங்கட வண்டு குத்தாது. பாத்திட்டுப் போகும்.
பிறகுதான் செல் வரும்."

இத்ரீஸ் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான்.
யாரும் சொல்லவில்லை.
ஐப்பசிப் புழுக்கம். பெனட்டின் மூக்கு நுனியில்
ஒரு துளி வியர்வை,
அவன் அதைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அட்டவணையைக் கிழிக்க எடுத்தேன்.
"கிழிக்காத. விளையாடத்தானே வந்தனான்.
சத்தத்துக்கு ஒரு விதி எழுது."

பேனாவைத் திறந்தேன். "கழித்தல் எவ்வளவு?"

"கழித்தல் ஒண்டும் இல்லை.
சத்தம் கேக்கிற சுற்றில ஒருத்தரும் சமைக்கேலாது. புகை தெரியும்.
துணி காயப்போடேலாது, வெள்ளைத் துணி கட்டாயம் ஏலாது.
சின்னப்பிள்ளையளை வெளிய விடேலாது.
அவ்வளவுதான்."

எழுதினேன்.
அந்தத் தாளில் எண் இல்லாத வரிகள்
அவை மட்டும்.

பிறகு அவள் உருட்டினாள்.
இருபது முகப் பகடை ஊறுகாய் பாட்டிலில் மோதி,
திரும்பி வந்து
ஒன்றைக் காட்டி நின்றது.

எங்கள் ஆட்டத்தில் அது படுதோல்வி.
பெனட் பழக்க தோஷத்தில் "தாயம்!" என்று கத்திவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
"தாயம்தான்," என்று சிரித்தாள் துஷ்யந்தி,
"காய் இறங்கட்டும்."

புள்ளி அவர்களைப் பார்த்துவிட்டது என்று
நான் சொல்ல வேண்டிய இடம்.
தொண்டையைச் செருமினேன்.
அதற்குள் அவளே சொன்னாள்:
"அல்லி அடுப்பை அணைக்கிறா."

சோறு அரைவேக்காடு.
எட்டுச் சுற்றில்
முதலாவதை எண்ணத் தொடங்கினேன்.