உயரக் கிளாஸ்

கலாசாலை. பின்னேரம் இரண்டு மணி. உளவியல்.
காற்றாடி கூரைக்கு மட்டும் காற்று வீசுகிறது.
சேர் மேசையில் இரண்டு கிளாஸ் வைத்தார்,
ஒன்று கட்டை, ஒன்று உயரம்.
இரண்டிலும் பேணியால் அளந்து தண்ணீர் ஊற்றினார்.
"ஏழு வயசுக்குக் கீழே பிள்ளை
உயரத்தைத்தான் நம்பும்.
அளவு மாறேல்லை எண்டு அதுக்கு விளங்காது."
காப்பு எண்ணக்கரு என்று தலைப்புப் போட்டு
அடிக்கோடு இழுத்தேன்.

காப்பு என்றதும்
இடக்கை போய் வலது மணிக்கட்டைத் தடவியது.
இரண்டு சோடி.
இப்போது வடிவம் மாறி
வெளியே வேம்புக்குக் கீழே
ஸ்கூட்டியாக நிற்கிறது.
அளவு மாறவில்லை என்று
அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை.
அவவுக்கு வயது அறுபத்திரண்டு.

பக்கத்துக் கதிரையில் தர்சிகா, இருபத்திரண்டு.
அவளுடைய பைக்குள் பேனை, போன், ஒரு சின்னக் கண்ணாடி.
என்னுடையதற்குள் பாடக்குறிப்பு, விக்ஸ்,
மிதுலாவின் மாற்றுக் காற்சட்டை.
பதினொரு வருசம் தொண்டர் ஆசிரியையாக இருந்தவள்,
எப்படிப் படிப்பிப்பது என்று இப்போதுதான் படிக்கிறேன்.

இரவு பத்தரை.
ஆ எழுத்துக்கு ஆடு வெட்டுகிறேன்,
பிரிஸ்டல் போட்டில்.
கம் போத்தலின் மூடியை மிதுலா எங்கேயோ ஒளித்துவிட்டாள்.
"ஆட்டுக்கு வால் இல்லை அம்மா"
பாயில் கிடந்தபடி சொல்லிவிட்டு
மறுபக்கம் திரும்பினான் யதுசன்.
லான்ட்மாஸ்ரரை நிறுத்திவிட்டு வந்தவர்
வெங்காயத் தறைச் செம்மண் கையோடு
ஆட்டைத் தூக்கிப் பார்த்தார்.
"இதுக்கு எத்தினை மாக்ஸ் போடுவினம்?"
நாளைக்கு அவர்தான் மகளுக்குத் தலை இழுக்கவேண்டும்.
ஒரு பின்னல் காதுக்கு மேலே வரும்,
மற்றது எங்கே வரும் என்று
அவருக்கே தெரியாது.

தரம் ஒன்று. இருபத்தாறு பிள்ளைகள்.
பின்வாங்கில் மதிப்பீட்டுத் தாளோடு மிஸ்.
ஆட்டைத் தூக்கிக் காட்டினேன்.
"ரீச்சர், இது நாய்" என்றான் ஒருவன்.
வகுப்பு உடைந்து சிரித்தது.
மூன்றாவது மேசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.
முழங்கால் இரண்டையும் ஒட்டி, அசையாமல்.
அந்த அசையாமை எனக்குத் தெரியும்,
வீட்டில் துடைத்திருக்கிறேன்.
கதிரைக்குக் கீழே ஈரம் மெல்ல விரிந்தது.

அவளருகே போனேன்.
என் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்து
முழங்கையால் தட்டி விழுத்தினேன்.
"ஐயோ, ரீச்சர் தண்ணியை ஊத்திப்போட்டன்!
வாங்கோ அம்மா, உங்கட சட்டையும் நனைஞ்சுபோச்சு."
இருபத்தைந்து பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
கிணற்றடியில் அவளுக்கு
மிதுலாவின் காற்சட்டை கொஞ்சம் இறுக்கம்.
ஒன்றும் பேசவில்லை. என் விரலை மட்டும்
வகுப்பு வாசல்வரை விடவில்லை.

மிஸ் எழுதியிருந்தார்:
கற்றல் உபகரணம் தெளிவில்லை.
நேர முகாமைத்துவத்தில் கவனம் தேவை.
கவனயீனத்தால் தண்ணீர் சிந்தப்பட்டது.
வாசித்தேன். கையொப்பம் வைத்தேன்.
சொல்லியிருக்கலாம்தான்.
சொன்னால் அது கிணற்றடியோடு நிற்காது.

வீட்டில் ஆறு மணித் தேத்தண்ணி.
கழுவிய கிளாஸ் இரண்டுதான் கிடந்தன,
ஒன்று கட்டை, ஒன்று உயரம்.
அளந்துதான் ஊற்றினேன், அதே பேணியால்.
"அவளுக்குத்தான் கூட!"
யதுசன் காலை உதைத்தான்.
ஏழரை வயது. விளங்கியிருக்கவேண்டும்.
விளங்கப்படுத்தலாம்,
திரும்ப ஊற்றிக் காட்டலாம்,
கொப்பியில் படி ஒன்று, படி இரண்டு என்று இருக்கிறது.
உலையில் அரிசி பொங்கிக்கொண்டிருந்தது.
உயரக் கிளாசை எடுத்து
ஒரு மிடறு, இன்னொரு மிடறு,
இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை
குடித்தேன்.

"இப்ப சரி" என்றான்.
மிதுலாவும் தலையாட்டினாள்,
உண்மையில் குறைந்துபோனவள்.
காலையிலிருந்து எனக்குக் கிடைத்த தேத்தண்ணி அதுதான்.
நல்ல சீனி.