பதினெட்டா இருபத்தினாலா

ஜுபைல் முகாம், பதினான்காம் அறை.
எட்டுக் கட்டில், ஒரு ஏசி, ஒரு ரிமோட்.
பதினெட்டில் வை என்றான் சவரிராயன்,
பகலெல்லாம் பாய்லருக்குள் படுத்து வெல்டிங் அடிப்பவன்.
இருபத்தினாலில் வை என்றான் நல்லதம்பி,
குளிர் ஆகாத உடம்பு.
நடுவில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கியவன் நான்.
கத்தி என் கையிலிருந்துதான் போயிற்று.
நீதிபதி அதைப்பற்றிக் கேட்கவில்லை.

மறுவாரம் கம்பெனி இரண்டு காரியம் செய்தது.
நான்கு மொழியில் ஒரு பலகை மாட்டியது.
தமிழில் இப்படி:
கொன்றவன் கொள்ளப்படுவான்.
யாரும் திருத்தவில்லை.
பிறகு, சமையலறைக் கத்திகளை
இரண்டடிச் சங்கிலியில் மேசையோடு பூட்டினார் கேம்ப் பாஸ்.
கறி வெட்ட இன்றும்
மேசையைக் கும்பிடுவதுபோலக் குனிய வேண்டும்.

தலைதான் என்றது தீர்ப்பு.
செத்தவனின் மகன் மன்னித்தால் மிஞ்சும்.
மகனுக்கு வயது ஏழு.
வளரட்டும் என்றார்கள்.

ஒரு பிள்ளைக்குப் பல் விழுந்து முளைத்து
குரல் உடைந்து
மீசை அரும்பும்வரை
உறைக்குள் காத்திருந்தது வாள்.

வருடத்துக்கொருமுறை சிறைக்குப் போவேன்.
சவரிராயனுக்குச் சர்க்கரை வந்தது.
முன்பல் இரண்டு போயின.
கோபம் எப்போது போனதென்று அவனுக்கே தெரியவில்லை.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒருமுறை கேட்டான்:
"இப்ப எத்தனையில வைக்கிறீங்க?"

முகாம் முகாமாகப் பணம் சேர்த்தோம்.
நான் இரண்டு மாதச் சம்பளம் போட்டேன்.
போட்டவர்களில் பாதிப்பேர்
அவன் சாகணும் என்று அன்றைக்குச் சொன்னவர்கள்தான்.

பதினெட்டு முடிந்த அன்று கபிலன் போனில் சொன்னான்:
"மாமா, எங்கப்பா குரல் எப்படியிருக்கும்னுகூட எனக்குத் தெரியாது.
பணத்த வாங்கினா
அதுக்கு நானே வெல வச்ச மாதிரி."
அவனோடு வாதாட எனக்கென்ன யோக்கியதை,
வெங்காயம் நறுக்கியவனுக்கு.

வெள்ளிக்கிழமை முடிந்தது.
பலகையிலிருந்த எழுத்து
பதினோரு வருடம் கழித்து உண்மையாயிற்று,
அந்த இரவில் கத்தி எடுத்தவன்மீது அல்ல,
பல் போன வேறொருவன்மீது.

ஞாயிற்றுக்கிழமை இரவு
என் வாளியை எடுத்துத் துணி ஊறவைத்திருந்தான் புதுப்பையன் ஒருத்தன்.
கேட்டதற்கு அம்மாவை இழுத்தான்.
எடுத்துவிட்டேன்.
இரண்டே நாள் ஆகியிருந்தது, இரண்டே நாள்.
வாள் நினைவில் வரவில்லை.
சவரிராயன் வரவில்லை.
பலகை என் முகத்துக்கு நேரே இருந்தது,
ஓரெழுத்தும் கண்ணில் படவில்லை.
சங்கிலிதான் வெடுக்கென்று இழுத்தது மணிக்கட்டை.
அவன் விலாவுக்கு
அரைமுழம் எட்டவில்லை கை.

அரைமுழம்.
எனக்கும் சவரிராயனுக்கும் அவ்வளவுதான்.
அதை அளந்து கொடுத்தது சட்டமில்லை,
கத்தி திருட்டுப் போகாமலிருக்க
கேம்ப் பாஸ் வாங்கிய மலிவுச் சங்கிலி.

அடுத்த வாரம் கபிலன் கூப்பிட்டான்.
"ரெண்டு நாள் நல்லாத் தூங்கினேன் மாமா.
அம்மாகூட மீன் வாங்கி ஆக்கிச்சு.
மூணாம் நாள் முழிப்பு வந்திருச்சு."
அந்த இரண்டு நாளை
நான் குறைவாகச் சொல்ல மாட்டேன்.
பதினோரு வருடத்தில் யாரும் அவனுக்குக் கொடுக்காதது.

பிறகு கேட்டான்,
"அந்தாளுக்குப் பிள்ளைங்க உண்டா?"
ஒரு பெண், என்றேன்.
"என்ன வயசு?"
பதினேழு.
"அடுத்த வருசம் பதினெட்டு"
என்றான், என்னிடம் சொல்லாமல் யாரிடமோ சொல்வதுபோல.
அப்புறம் இருவருமே வைத்துவிடவில்லை.
சிக்னல்தான் போயிற்று.

நல்லதம்பியின் போர்வையை
முதல் வருடமே அனுப்பச் சொன்னாள் அவன் மனைவி.
அனுப்பவில்லை.
ரிமோட் இப்போது ஆபீஸ் பூட்டுக்குள்.
ஏசி இருபத்திரண்டில் நிற்கிறது.
எனக்கும் வயதாகிறது,
கொஞ்சம் குளிர்கிறது.