மூன்று புள்ளி எட்டு

மிரோனின் கடைக் கண்ணாடிக்குள்
அவை மல்லாந்து கிடந்தன,
பனிக்கட்டி மேல் மீன்களைப் போல.
வண்ணத்திரை கொண்டது என் ஒரு மாதச் சம்பளம்.
சிலிண்டரோடு கம்பியில்லாமல் பேசிக்கொள்வது
இரண்டு மாதம்.
"உயிர் விஷயம், விலை பார்க்காதே" என்றான்.
உயிர் விஷயம் என்றுதான்
பல் மருத்துவரும் சொன்னார்,
டயர்க்காரனும் சொன்னான்.

நான் காட்டோவிட்சேயில் டிராம் ஓட்டுகிறவள்.
என் பலகையில் நாற்பது விளக்குகள் உண்டு,
பார்ப்பது மூன்றை.

டிக்கெட் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
எண்கள் பெரிதாக இருக்கட்டும், கல்குவாரித் தண்ணீர் கலங்கல்.
தடித்த கையுறைக்கும் பொத்தான் அகப்படட்டும்.
பேட்டரியை நானே மாற்ற முடியட்டும்.
அதைத் தபாலில் அனுப்பிவிட்டு
ஆறு வாரம் கரையில் உட்கார என்னால் ஆகாது.
திசைகாட்டி வேண்டாம். ஹல்ஷ்கா கூட வருவாள்.
தப்பான பக்கம்தான் போவாள்,
ஆனால் தயங்காமல் போவாள்.

ஸோஸ்னோவியெட்சில் பழசு ஒன்று கிடைத்தது.
விற்றவர் ஸெனோன். நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை.
சமையலறை மேசையில் துண்டு விரித்து அதன்மேல் வைத்தார்.
ரப்பர் வளையம் புதிது, கிரீஸ் தடவியிருக்கிறேன்,
வாளியில் ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தேன்,
அதிகம் உபயோகிக்கவில்லை.
முந்நூற்று எண்பது ஸ்லோட்டி என்றார்.
முந்நூற்று ஐம்பது என்றேன்.
எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது மேலிருந்து குரல் வந்தது:
"பத்து மீட்டருக்குக் கீழே எண்கள் தெளிவாகத் தெரிகிறதா,
அதை மட்டும் சொல்லுங்கள்."
விற்றவர் கேட்கிற கேள்வியா இது?

இரவு ஷிஃப்டுக்கு முன் டிப்போவில்
அதன் நினைவைத் திறந்தேன்,
பழைய வண்டியின் ஓட்டக் கணக்கைப் பார்ப்பதுபோல.
அறுபத்தொரு முங்கல்.
ஆழம் மூன்று புள்ளி எட்டு.
செவ்வாய், இரவு எட்டேகால். வெப்பம் இருபத்தேழு.
ஆழம் மூன்று புள்ளி எட்டு.
செவ்வாய். இருபத்தேழு.
மூன்று புள்ளி எட்டு.
கடல் இல்லை. ஏரிகூட இல்லை.
நகராட்சி நீச்சல் குளத்தின் ஆழமான முனை,
நீல ஓடுகள், ஒரு வடிகால் மூடி,
அறுபத்தொரு செவ்வாய்க்கிழமை.

முதுகுவலியா, காதா, காசா, பயமா?
தெரியாது.
சுரங்க நிறுத்தத்தில் ஆட்கள் ஏறினார்கள்,
அறுநூறு மீட்டர் கீழேயிருந்து வந்தவர்கள்,
சோப்பு வாசனை, ஈரத் தலை.
ஒருவர் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார்.

கடைசி நிறுத்தத்தில் மறுபடி பார்த்தேன்.
எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது.
இல்லை என்பதற்கான பொத்தான்
வெறும் விரலுக்கே அகப்பட மறுத்தது.
ஐம்பது ஸ்லோட்டி குறைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

மே மாதம், குவாரி. ஹல்ஷ்கா முன்னே போனாள், தப்பான பக்கம்.
கயிற்றைப் பிடித்து இறங்கினேன்.
மூன்று புள்ளி ஆறு.
மூன்று புள்ளி எட்டு.
அங்கே கொஞ்சம் நின்றேன், ஏனென்று கேட்காதீர்கள்.
பிறகு மூச்சை விட்டேன்.
மூன்று புள்ளி ஒன்பது,
அந்தத் திரை அதுவரை காட்டியிராத எண்.

எட்டு மீட்டரில் குளிர் கதவைச் சாத்திக்கொண்டது.
கீழே யாரோ மூழ்கடித்துவைத்த பேருந்து,
ஓட்டுநர் இருக்கையில் ஒரு மீன்.
பதினெட்டு புள்ளி மூன்று. வெப்பம் ஏழு.
இன்னும் நாற்பத்து நான்கு நிமிடம் இருக்கலாம் என்றது,
என் விரல்கள் அதற்கு உடன்படவில்லை.
ஏறும்போது அவசரப்பட்டேன், கத்தியது.
மெதுவானேன், அடங்கியது.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்
கயிற்றில் தொங்கிக்கொண்டு
வினாடிகள் குறைவதைப் பார்த்திருந்தேன்,
சிவப்பு விளக்கில் நிற்கிற பழக்கம் உண்டு எனக்கு.

கரையில் கைநடுக்கம் அடங்கியதும்
ஸெனோனுக்கு அனுப்பினேன்:
பதினெட்டு புள்ளி மூன்று. தெளிவாகத் தெரிகிறது.

மாலைவரை பதில் இல்லை.
பிறகு வந்தது:
குளிரில் பேட்டரி எத்தனை கோடு காட்டியது?