விட்டுவைத்த பிழை

எஸ்கிஷெஹிர் ஆலையில் ஒன்பதாயிரம் பேர் வேலை செய்கிறோம்.
ஆனாலும் புதன்கிழமை காலையில்
"வந்துவிட்டார்" என்று வாசல் காவலர்
ஒரே ஒருவரைத்தான் தொலைபேசியில் கிசுகிசுப்பார்.

ஃபெரிதுன் பெய்.
எழுபத்து மூன்று வயது. சட்டைப்பையில் திருப்புளி.
போர்சுக் ஆற்றங்கரைக் கொட்டகையில்
எங்கள் முதல் ஓவனைத் தகரத்தில் தட்டி எடுத்தவர்.
இயக்குநர் குழு தந்திருக்கும் பதவி கௌரவத் தலைவர்.
அதன் பொருளை அவருக்கு
யாரும் இதுவரை விளக்கவில்லை.

பதினான்கு மாத ஆய்வு, மூவாயிரம் வீடுகளில் கேள்வித்தாள்.
என் வரைபடங்கள் சுவரெல்லாம் ஒளிர்ந்தன.
அவர் சுவரைப் பார்க்கவில்லை.
இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு
ஓவன் கதவை முழங்காலால் தள்ளினார்.
மூடவில்லை.
"கை இரண்டும் நிறைந்திருந்தால்
கதவை யார் சாத்துவது?"
அவ்வளவுதான்.
சுருள்வில் மாறியது, அச்சு மாறியது,
ஆறு வாரம் போனது, கூடவே
அங்காரா கண்காட்சியும்.
அவர் சொன்னது சரி.
அதுதான் தாங்க முடியவில்லை.

மறு ஆண்டு அவர் சொன்னது தப்பு.
உள்விளக்கை மஞ்சளாக்கச் சொன்னார்.
வெந்த ரொட்டியும் வேகாத ரொட்டியும் ஒரே நிறமாய்த் தெரிய
ஹாம்பர்க் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது.
அதற்கும் கூட்டம் போட்டோம்,
குறிப்பேட்டில் அவர் பெயரை மட்டும் எழுதாமல்.

யோசனை குல்செரெனுடையது.
"கண்ணேறு படாமலிருக்க நீலமணி தொங்கவிடும் ஊர் இது.
நாமும் ஒன்றைத் தொங்கவிடுவோம்."
ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பிழை.
கண்ணில் படும்படி. ஒரே நாளில் திருத்தும்படி.
அவர் பிடிப்பார், திட்டுவார், தேநீர் குடிப்பார்,
மற்றதைத் தொடாமல் போய்விடுவார்.

நான்கு ஆண்டுகள் பலித்தது.
கோணலாய் ஒட்டிய பெயர்த்தகடு.
அரை விரல் நீண்ட கைப்பிடி.
அவர் திருப்புளியை உருவும்போதெல்லாம்
ஒர்ச்சுன் மேசைக்கடியில் என் காலை மிதிப்பான்.
அவரை நாங்கள் ஆள்வதாக நினைத்தோம்.
சில சமயம் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்த ஆண்டுக்கு ஒரு குமிழ் வைத்திருந்தோம்.
மார்ச்சில் அவருக்குக் கண்புரை அறுவை.
மூன்று புதன் வரவில்லை.
நான்காம் புதன் மாதிரி உற்பத்திக்குப் போனது.
அதற்கு வெகுநாள் கழித்துத்தான்
யாருக்கோ நினைவு வந்தது.

நாற்பதாயிரம் சமையலறைகளில் அந்தக் குமிழ்
இருநூறில் நிற்காமல்
இருநூற்று இருபதுக்கு வழுக்குகிறது.
கைசேரியிலிருந்தும் திரப்சோனிலிருந்தும்
கருகிய கேக்குகளின் புகைப்படங்கள் வருகின்றன.
ஒரு பெண் எழுதியிருந்தாள்:
இதை ஒருவர்கூடத் திருகிப் பார்க்கவில்லையா?
ஒப்புதல் தாளில் இருப்பது
என் கையெழுத்து.

நேற்று வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு.
குமிழைத் திருகினார். மறுபடி திருகினார்.
"இது எனக்கென்று வைத்ததா?"
பத்தொன்பது பேர் இருந்த அறையில்
குளிர்சாதனம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

திருப்புளியை மேசைமேல் விட்டுவிட்டுப் போனார்.
மறதியா, வேண்டுமென்றேவா,
ஓடிப்போய்க் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இன்று அதை எடுத்துக் குமிழைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு பித்தளை வளையம் இல்லை.
நாங்களே எடுத்ததுதான்.
எங்கே வைத்தோம் என்று
குல்செரெனும் நானும்
இழுப்பறை இழுப்பறையாகத் தேடுகிறோம்.